பெட்டியில் ஒரு பெயர், சில்லில் ஓர் எண்: கிராபிக்ஸ் கார்டை அடையாளம் காணும் முறை

பழைய கணினி ஒன்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவி முடித்ததும், திரையில் எழுத்துகள் தடித்துப் பெரிதாகத் தெரிவதையும், ஒரு சாளரத்தை இழுத்தால் அது தயங்கித் தயங்கி நகர்வதையும் பலர் பார்த்திருப்பார்கள். கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால், டிஸ்ப்ளே அடாப்டர்கள் என்ற தலைப்பின் கீழ் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற ஒரே ஒரு வரி இருக்கும். அது எந்தக் கார்டின் பெயரும் அன்று. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள், கிடைக்கவில்லை, ஆகவே எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான ஒரு சிறிய டிரைவரைக் கொண்டு இப்போதைக்குப் படம் காட்டப்படுகிறது என்பதே அந்த வரியின் பொருள்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது கார்டின் பெயரைத் தேடுவதுதான். பழைய பெட்டியைத் தேடி எடுக்கிறார்கள், விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள், கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி விசிறியின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையைப் படிக்கிறார்கள். அப்படிக் கிடைத்த பெயரை இணையத்தில் தட்டி, முதலில் வரும் டிரைவரை இறக்கி நிறுவுகிறார்கள். பல நேரங்களில் இது சரியாகவே முடிந்துவிடும். முடியாமல் போகும்போது ஏன் முடியவில்லை என்பது புரிவதில்லை. பெயர் சரி, நிறுவனம் சரி, விண்டோஸ் பதிப்பும் சரி, ஆனாலும் ‘பொருத்தமான வன்பொருள் இல்லை’ என்று நிறுவல் மென்பொருள் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 2014இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் ஜிடி 730. குறைந்த விலைக் கார்டு என்பதால் அலுவலகக் கணினிகளிலும் வீட்டுக் கணினிகளிலும் இது நிறையப் புகுந்தது. இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சில்லுகள், அதாவது கார்டின் மூளையான சிப்கள், விற்கப்பட்டன. ஒன்று கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்த ஜிகே208 சில்லு. அதில் 384 கணிப்பு அலகுகள் உண்டு. மற்றது 2010இலேயே வெளிவந்திருந்த ஃபெர்மி தலைமுறையின் ஜிஎஃப்108 சில்லு. அதில் 96 அலகுகள் மட்டுமே. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் டிரைவர் விஷயத்தில் இரண்டும் வெவ்வேறு பாதையில் போய்விட்டன. ஃபெர்மிக்கான வழக்கமான டிரைவர் வெளியீடு 2018இல் 391 என்ற வரிசையோடு நின்றது. கெப்ளருக்கு அது 2021இல் 470 வரிசையோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 வரை வந்தன. ஆகவே ‘ஜிடி 730 டிரைவர்’ என்று தேடி 470 வரிசையில் ஒன்றை இறக்குபவருக்கு, அவருடைய கார்டில் இருப்பது ஜிஎஃப்108 என்றால், அந்த டிரைவர் ஒருபோதும் ஏறாது. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. பெயர் அவரை ஏமாற்றிவிட்டது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 2007இல் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடி என்று வந்த கார்டிலும், 2008இல் 9800 ஜிடி என்று வந்த கார்டிலும் இருந்தது ஜி92 என்ற ஒரே சில்லுக் குடும்பம். பெயரில் ஆயிரம் கூடியதால் வாங்கியவருக்குத் தலைமுறை மாறியது போலத் தோன்றியிருக்கும். பெயர் என்பது விற்பனைப் பிரிவு வைப்பது. ஆண்டுக்கு ஒரு முறை அது மாறியாக வேண்டும், சில்லு மாற வேண்டியதில்லை. டிரைவரோ சில்லோடு பேசுவது. அதற்குப் பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது தெரியவே தெரியாது.

அப்படியானால் கணினிக்கு எது தெரியும்? இதற்கு விடை 1992இல் இன்டெல் முன்னின்று கொண்டுவந்த பிசிஐ என்ற இணைப்பு முறையில் இருக்கிறது. அதற்கு முன் வழங்கிய ஐஎஸ்ஏ முறையின் தொடக்க வடிவத்தில், ‘நீ யார்’ என்று ஒரு கார்டைக் கேட்பதற்குப் பொதுவான வழி கிடையாது. பயனர் கார்டின் மேல் இருக்கும் சிறு இணைப்பு ஊசிகளை மாற்றி வைத்து, என்ன கார்டு செருகியிருக்கிறோம் என்பதைத் தாமே இயங்குதளத்துக்குச் சொல்ல வேண்டும். பிசிஐ இந்தச் சுமையைக் கார்டின் மேலேயே ஏற்றியது. பிசிஐ முறையில் செருகப்படும் ஒவ்வொரு சாதனமும் தன்னைப் பற்றிய விவரங்களை 256 பைட் அளவுள்ள ஒரு சிறு பரப்பில் வைத்திருக்க வேண்டும். அதன் முதல் 64 பைட்டுகள் எல்லாச் சாதனங்களிலும் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்க வேண்டும். பின்னால் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் அந்தப் பரப்பை 4096 பைட்டாக விரித்தது, ஆனால் தொடக்கப் பகுதியைத் தொடவில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுக்கு முந்தைய கார்டும் இன்று வாங்கிய கார்டும் அதே கேள்விக்கு அதே இடத்தில் பதில் சொல்கின்றன.

அந்தப் பரப்பின் முதல் இரண்டு பைட்டுகள் சில்லைச் செய்த நிறுவனத்தின் எண். அடுத்த இரண்டு பைட்டுகள் சாதனத்தின் எண். இரண்டும் பதினாறடிமான முறையில் நான்கு நான்கு இலக்கங்களாக எழுதப்படுகின்றன; அதாவது 0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களாகவே வரும். நிறுவன எண்ணைப் பிசிஐ தரத்தைப் பராமரிக்கும் பிசிஐ-சிக் என்ற அமைப்பு ஒதுக்குகிறது. சாதன எண்ணை நிறுவனம் தானே வைத்துக்கொள்கிறது. இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த அதன் புகழ்பெற்ற செயலியின் பெயரே எண்ணாகிவிட்டது. என்விடியாவின் எண் 10டிஇ. ஏஎம்டியின் ரேடியான் கார்டுகள் 1002 என்று சொல்லும். அது உண்மையில் ஏடிஐ நிறுவனத்துக்குத் தரப்பட்ட எண். 2006இல் ஏஎம்டி ஏடிஐயை வாங்கிய பிறகும், ஏடிஐ என்ற பெயர் கார்டுகளிலிருந்து மறைந்த பிறகும், சில்லுக்குள் அந்த எண் மாறவில்லை. தொண்ணூறுகளில் கொடிகட்டிப் பறந்த எஸ்3 நிறுவனத்தின் எண் 5333. கணினியின் எழுத்துக் குறியீட்டு அட்டவணையில் 53 என்பது எஸ் என்ற எழுத்து, 33 என்பது 3 என்ற இலக்கம். தங்கள் பெயரையே எண்ணாக எழுதிவிட்டார்கள்.

மேலே சொன்ன ஜிடி 730 சிக்கல் இந்த எண்ணைப் பார்த்த கணத்தில் தீர்ந்துவிடுகிறது. சாதன எண் 1287 என்றால் அது கெப்ளர். 0எஃப்02 என்றால் அது ஃபெர்மி. கார்டைக் கழற்ற வேண்டாம், பெட்டியைத் தேட வேண்டாம்.

விண்டோஸில் இந்த எண்ணைப் பார்ப்பது எளிது. ஸ்டார்ட் பொத்தானின் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய வரியை இருமுறை சொடுக்கி, டீட்டெயில்ஸ் என்ற தாவலுக்குப் போய், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமான சில வரிகள் தோன்றும். முதல் வரியில் விஇஎன் என்பதன் பின்னே வரும் நான்கு இலக்கங்கள் நிறுவன எண். டிஇவி என்பதன் பின்னே வருபவை சாதன எண். அடுத்து சப்சிஸ் என்று எட்டு இலக்கங்கள் இருக்கும். சில்லைச் செய்தவர் வேறு, அந்தச் சில்லை வாங்கிப் பலகையில் பதித்து விற்றவர் வேறு என்பதால், பலகைக்கும் தனி அடையாளம் தேவைப்படுகிறது, அதுதான் இது. இந்த எட்டில் கடைசி நான்கு இலக்கங்களே பலகை நிறுவனத்தைக் குறிப்பவை. 1043 என்றால் ஆசுஸ், 1458 என்றால் கிகாபைட், 1462 என்றால் எம்எஸ்ஐ, 1028 என்றால் டெல். முதல் நான்கு இலக்கங்களை நிறுவன எண் என்று எண்ணித் தேடிக் குழம்புவோர் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எச்டிஎம்ஐ வழியே ஒலியையும் அனுப்பும் கார்டுகளில், படம் காட்டும் பகுதியும் ஒலி அனுப்பும் பகுதியும் ஒரே பலகையில் இரண்டு தனிச் சாதனங்களாகப் பதிவாகின்றன. இரண்டுக்கும் நிறுவன எண் ஒன்றே, சாதன எண் வேறு. டிரைவர் இல்லாத கணினியில் ஒலிப் பகுதி வேறொரு தலைப்பின் கீழ் மஞ்சள் குறியோடு நிற்கலாம். அதன் எண்ணை எடுத்துக்கொண்டு கிராபிக்ஸ் டிரைவரைத் தேடினால் தேடல் வழிதவறிவிடும்.

டிரைவர் தன் கார்டைக் கண்டுபிடிக்கும் விதமும் இதே எண்களை நம்பியே நடக்கிறது. ஒவ்வொரு டிரைவர் தொகுப்பிலும் ஐஎன்எஃப் என்று முடியும் சாதாரண உரைக்கோப்பு ஒன்று இருக்கும். நோட்பேடில்கூட அதைத் திறந்து படிக்கலாம். இந்த டிரைவர் எந்தெந்த எண்ணுள்ள சாதனங்களுக்குப் பொருந்தும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. விண்டோஸ் கார்டின் எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு, மிக நுணுக்கமானதில் தொடங்கிப் பொதுவானதை நோக்கி இறங்குகிறது. நிறுவனம், சாதனம், பலகை, சில்லின் திருத்த எண் ஆகிய நான்கும் ஒத்துப்போகும் டிரைவர் உண்டா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் பலகை எண் வரை, பிறகு நிறுவன எண்ணும் சாதன எண்ணும் மட்டும் என்று தளர்த்திக்கொண்டே வருகிறது. எதுவுமே ஒத்துப்போகாதபோது கடைசிப் படியாக, சாதனத்தின் வகை எண் ஒன்று இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அது பெரும்பாலும் 0300. ‘நான் விஜிஏவுக்கு ஒத்த படக்காட்டி’ என்பது அதன் பொருள். விஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த தரம். அந்தப் பழைய தரத்தின் பெயரைச் சொல்லித்தான் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர் இன்றும் முன்பின் தெரியாத கார்டை ஏற்றுக்கொண்டு, கணினி தொடங்கும்போது அமைந்த திரையளவை வைத்தே நமக்குப் படம் காட்டுகிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த வரியின் கதை இதுதான். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: டிவைஸ் மேனேஜரில் நாம் காணும் கார்டின் பெயரே ஐஎன்எஃப் கோப்பிலிருந்து வருவதுதான், கார்டிலிருந்து வருவதன்று. டிரைவர் ஏறிய பிறகே பெயர் தெரியும். டிரைவரைத் தேடவோ நமக்குப் பெயர் வேண்டும் என்று நினைக்கிறோம். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எண் ஒன்றே வழி.

மடிக்கணினிகளில் பலகை எண்ணின் முக்கியத்துவம் கூடுகிறது. மடிக்கணினி நிறுவனங்கள் திரை, மின்சேமிப்பு, வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு ஏற்ப டிரைவரைத் தங்களுக்கென்று மாற்றி அமைத்துக்கொள்வதால், சில்லு நிறுவனத்தின் பொது டிரைவரை ஏற்க மறுக்கும் நிலை நெடுங்காலம் இருந்தது. இன்டெல் 2020இல்தான் தன் பொது டிரைவர்களை இந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. என் கருத்தில், மடிக்கணினிக்கு முதலில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள டிரைவரை நிறுவிவிட்டு, அதில் குறை இருந்தால் மட்டும் சில்லு நிறுவனத்தின் டிரைவருக்குப் போவதே பாதுகாப்பான வரிசை. அதே சமயம் மடிக்கணினியின் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து, ஏனெனில் ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு செயலிகளும் வெவ்வேறு கார்டுகளும் வருவது சாதாரணம். 2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு நிறுவனங்கள் அவற்றைத் தயாரித்தன. ‘அரசு லேப்டாப் டிரைவர்’ என்று தேடுபவருக்குக் கிடைப்பது வேறொருவருடைய கணினியின் டிரைவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளே இருப்பது இன்டெலின் 0166 என்றால் அது எச்டி கிராபிக்ஸ் 4000. 5916 என்றால் எச்டி 620. 5917 என்றால் யூஎச்டி 620. இந்த எண்களில் தேடினால் மூடியின் மேல் என்ன முத்திரை இருந்தாலும் கவலையில்லை.

இரண்டு கார்டுகள் உள்ள மடிக்கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸில் கார்டை அறிய எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை பயன்படுகிறது. அதன் நீண்ட வெளியீட்டில் விஜிஏ என்ற சொல் வரும் வரியை மட்டும் வடிகட்டிப் பார்க்கும்படி எண்ணற்ற குறிப்புகள் சொல்கின்றன. செயலிக்குள் இருக்கும் இன்டெல் கார்டு 0300 என்ற வகை எண்ணோடு அந்த வடிகட்டலில் வந்துவிடும். ஆனால் திரையோடு நேரடியாக இணைக்கப்படாமல் கணிப்பு வேலையை மட்டும் செய்துகொடுக்கும் என்விடியா கார்டு பல மடிக்கணினிகளில் 0302 என்று, அதாவது முப்பரிமாணக் கட்டுப்படுத்தி என்று பதிவாகிறது. வடிகட்டியில் அது விழாது. கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், எல்எஸ்பிசிஐ கட்டளையோடு சிறு இடைக்கோடிட்டு என், என், கே என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்து முழு வெளியீட்டையும் ஒரு முறை படித்துவிட வேண்டும். அப்போது எண்களும் தெரியும், எந்த டிரைவர் இப்போது அந்தக் கார்டை இயக்குகிறது என்பதும் தெரியும்.

அந்த வெளியீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் பெயர்கள், செக் நாட்டு நிரலாளர் மார்ட்டின் மரேஷ் தொடங்கிவைத்து, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்த்துக்கொண்டே வரும் பிசிஐ எண் பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. பல பத்தாண்டுகளாக யாரும் கேட்காமலேயே திரட்டப்பட்டு வரும் இந்தப் பட்டியல், பழைய கணினிகளை உயிரோடு வைத்திருக்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் பெரும் கொடை. இணையத்தில் அதைத் திறந்து, நிறுவன எண்ணையும் சாதன எண்ணையும் கொடுத்தால் சில்லின் குறிப்பெயர் கிடைத்துவிடும். கணினியில் உள்ள பட்டியல் பழையதாக இருந்தால் புதிய கார்டு வெறும் எண்ணாக மட்டும் தெரியும். அதில் பழுது எதுவும் இல்லை. என்விடியா கார்டாக இருந்தால், ஒவ்வொரு லினக்ஸ் டிரைவரோடும் அந்த நிறுவனம் வெளியிடும் விளக்கக் கோப்பின் பின்னிணைப்பில், எந்தச் சாதன எண் எந்த டிரைவர் வரிசைக்கு உரியது என்ற முழு அட்டவணை இருக்கிறது. விண்டோஸ் பயனர்களும் வரிசை எண்ணைத் தெரிந்துகொள்ள அதைப் பார்க்கலாம்.

எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 480, 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580, அவற்றின் தம்பிகளான 470, 570 ஆகிய அனைத்தும் 67டிஎஃப் என்ற ஒரே சாதன எண்ணையே சொல்கின்றன. இங்கே வேறுபாட்டைக் காட்டுவது அந்த நீண்ட வரியின் இறுதியில் ஆர்இவி என்பதன் பின்னே வரும் திருத்த எண்: சி7 என்றால் 480, இ7 என்றால் 580, சிஎஃப் என்றால் 470, இஎஃப் என்றால் 570. டிரைவர் இவை எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் நிறுவும்போது குழப்பம் வராது. ஆனால் 580 என்று சொல்லி விற்கப்படும் பழைய கார்டை வாங்கும்போது இந்த இரண்டு இலக்கங்கள் பணத்தைக் காப்பாற்றும். சாதன எண்ணே 6எஃப்டிஎஃப் என்று இருந்தால், அது கணிப்பு அலகுகள் 2304இலிருந்து 2048ஆகக் குறைக்கப்பட்ட தனி வகை.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையச் சந்தையிலோ பயன்படுத்திய கார்டை வாங்குபவர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டின் உள்நினைவில் பதிந்திருக்கும் வீடியோ பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை மாற்றி எழுதி, பழைய ஃபெர்மி சில்லுகளை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற புதிய பெயர்களில் உலவவிட்ட மோசடி உலகச் சந்தையில் பரவலாக நடந்தது. இதனால் 2018இல் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், சில்லின் உண்மையான இயல்பையும் அது சொல்லிக்கொள்ளும் பெயரையும் ஒப்பிட்டு, போலியாக இருந்தால் பெயருக்கு முன் ‘ஃபேக்’ என்று காட்டும் வசதியைச் சேர்த்தது. கண்ணால் பார்த்தே சந்தேகப்படவும் ஒரு வழி உண்டு. 1050 டிஐ அடங்கிய பாஸ்கல் தலைமுறைச் சில்லுகள் அனலாக் வெளியீட்டையே கைவிட்டுவிட்டன. ஆகவே அந்தப் பெயரில் வரும் கார்டில் நீல நிற விஜிஏ செருகுவாய் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

டிரைவரைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை செய்வதும் இதே எண்ணைப் படித்து இதே பட்டியலில் பொருத்துவதுதான். அந்த வேலைக்கு இரண்டு நிமிடம் போதும்போது, தெரியாத ஒருவருக்குக் கணினியின் உள்ளறையைத் திறந்துவிட வேண்டியதில்லை.

கடைசியாக, எண்ணே கிடைக்காத நிலை ஒன்று இருக்கிறது. கணினி தொடங்கும்போது மதர்போர்டு ஒவ்வோர் இடமாக நிறுவன எண்ணைக் கேட்டுக்கொண்டே போகிறது. அங்கே யாரும் இல்லையென்றால் எஃப் என்ற இலக்கம் நான்கு முறை பதிலாக வரும். அந்த எண் எந்த நிறுவனத்துக்கும் கொடுக்கப்படுவதில்லை. டிவைஸ் மேனேஜரிலும் எல்எஸ்பிசிஐயிலும் கார்டுக்கான வரியே இல்லையென்றால், உலகில் உள்ள எந்த டிரைவரை நிறுவினாலும் பயன் இருக்காது. அப்போது கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கார்டைச் செருகுவாயிலிருந்து எடுத்து அதன் பொன்னிறத் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். தனி மின்னிணைப்பு கேட்கும் கார்டாக இருந்தால் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியாக இருந்தால், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் இரண்டாவது கார்டு முடக்கப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். வரி தோன்றிய பிறகுதான் டிரைவர் தேடும் வேலை தொடங்குகிறது.